தலைக்கு மேல் ஒட்டிய கல்

வானத்தைப் பார்த்து நடப்பவனை நம்மவர் செருக்குடையவன் என்பர். நிலத்தைப் பார்த்து நடப்பவனை அடக்கமுள்ளவன் என்பர். நாற்பதைக் கடந்து சில ஆண்டுகள் ஆகும்வரை நாம் அடக்கமுள்ளவராகவே நடந்து வந்தோம். சென்ற மாசி மாதம் முதல் எமது நடை மாறிவிட்டது. எந்த வீட்டினுள் நுழைந்தாலும், எந்தக் கடையின் படியேறினாலும், முதலில் அண்ணாந்து பார்க்கிறோம். வகுப்பறையிலும் அவ்வாறு செய்யக் கண்ட மாணவர் சிலர், ஆசிரியருக்குக் கழுத்துப் பிடிப்பு என்று தமக்குள் முடிவு கட்டிவிட்டனராம். உண்மைக் காரணத்தை இவ்வாரம் கூறிவிடுகிறோம். அது எமக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் வீடு கட்டுவோருக்கும் புதுக்குவோருக்கும் பயன்படக்கூடும்.

எமது இல்லம் கண்டி மாநகரிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் வழியில், ஒரு மலைச்சரிவில் அமைந்தது. இரண்டு பருவக் காற்றுகளாலும் மழை பெறும் ஊர் கண்டி. வெயில் எறிக்கும் நாளிலும் இங்குள்ள சுவர்கள் முற்றாக உலர்ந்துவிடுவதில்லை. எமது கீழ்த்தளத்துக் குளியலறையின் மேலே இருப்பது கொங்கிறீற் தட்டு. அத்தட்டின் மேற்புறம் உடுப்பு உலர்த்தும் திறந்த மாடி. ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்கு முன் அவ்விதானத்துக்கு வர்ணம் பூசுவோம். ஆண்டுதோறும் ஐப்பசி கார்த்திகை மழையில் கரும்பூஞ்சணம் புள்ளி புள்ளியாகப் படர்ந்து, பூசிய வர்ணம் செதில் செதிலாக உரிந்து, குளிப்பவர் தோளில் வந்து விழும்.

இந்த அவலத்தைக் கண்ட எமது இல்லாளின் இளைய சகோதரர் ஒரு யோசனை சொன்னார். கொழும்பிலே தொழில் புரிபவர், புதுமை நாட்டமுள்ளவர். "அத்தான், வருசா வருசம் பெயின்ற் அடிச்சுக் காசைக் கரைக்கிறதை விட, சுவருக்கு ஒட்டின டைலையே மேலேயும் ஒட்டிவிடுங்கோ. பூஞ்சணம் பிடிக்காது, துணியாலே துடைச்சாப் போதும். இப்ப பெரிய ஹோட்டல் எல்லாத்திலேயும் இதுதான்" என்றார். சுவருக்கு வாங்கிய டைலில் மூன்று பெட்டி மிஞ்சிக் கிடந்தது. மிஞ்சிய பொருளைக் கண்டால் அதற்கொரு வேலையைத் தேடிப்பிடிப்பது நடுத்தரக் குடும்பத்தின் இயல்பல்லவா? நாமும் இசைந்தோம்.

வேலைக்கு வந்த மேசன் அந்தானைப் பக்கத்தைச் சேர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும். விதானத்தைச் சற்று நேரம் பார்த்தார். விரல் நகத்தால் ஓரிடத்தைச் சுரண்டினார். பின்பு, "சேர், இந்தப் பெயின்ற் முழுக்கக் கழட்டணும். கொங்கிறீட்டைக் கொத்திப் பொறிவிடணும். மேல மாடியில தண்ணி நிக்குதான்னும் பாத்து, அதுக்கு மருந்து போடணும். எல்லாம் சேர்த்து நாலு நாள் கூடப் புடிக்கும்" என்றார்.

பொங்கலுக்கு ஐந்தே நாள் இருந்தது. உறவினர் வரவிருந்தனர். நாம் என்ன சொன்னோம் என்பதை மறைக்காமல் எழுதுகிறோம்: "நல்ல விலையுள்ள பசை வாங்கித் தருகிறோம். அப்படியே ஒட்டுங்கள்." மேசன் மறுமொழி கூறவில்லை. வேலை தருபவன் கல்லூரி ஆசிரியன், படித்தவன் சொல்கிறான். அவர் ஏணியில் ஏறினார். இரண்டு நாளில் விதானம் முழுவதும் நிறைந்துவிட்டது. ஆறு வரிசை, வரிசைக்கு ஏழு. ஆக 42 டைல்கள். கண்ணாடிபோல் மின்னிய அந்த விதானத்தைப் பொங்கலுக்கு வந்தவர் யாவரும் பார்த்து வியந்தனர். எமது அன்னையார் மட்டும் நீர்க்குடத்துடன் வாயிலில் நின்று, "தம்பி, நிலத்தில பதிச்சதை நிலம் தாங்கும். இதை எது தாங்குது?" என்று வினவினார். நாம் பசையின் பெயரைச் சொன்னோம். அம்மா அந்தப் பெயரைக் கேட்டு ஆறுதல் அடைந்ததாகத் தெரியவில்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை நான்கரை மணிக்குப் பெரிய ஓசை கேட்டு விழித்தோம். குளியலறையில் அன்னையார் அமர்ந்து குளிக்கும் சிறு மர முக்காலியின் மேல், ஒரு டைல் மூன்று துண்டாகக் கிடந்தது. முக்காலியின் பலகையில் விரலளவு ஆழத்துக்கு ஒரு வெட்டு. அம்மா நாள்தோறும் ஐந்து மணிக்கு அங்கே செல்பவர்.

அன்று முழுவதும் எமது சினம் மேசன் மேல்தான் இருந்தது. அவருக்குக் கொடுக்கவேண்டிய கடைசி இரண்டு நாட்கூலியை, வேலை நிற்கிறதா என்று பார்த்துத் தருவோம் என நிறுத்தி வைத்திருந்தோம். இனி அதைக் கொடுப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டோம். வீட்டாரும் அதுவே நியாயம் என்றனர்.

மாலையில்தான் அந்த மூன்று துண்டுகளையும் கையில் எடுத்துப் பார்த்தோம். டைலின் முதுகில் பசை இறுகப் பற்றியிருந்தது, ஓரிடத்திலும் விடவில்லை. அந்தப் பசையின் மேலோ, தாள்போல மெல்லியதாய் ஒரு வெள்ளைத் தோல். அது எமது விதானத்தின் பழைய வர்ணம்! மேலே அண்ணாந்து பார்த்தோம். டைல் இருந்த சதுரத்தில் கொங்கிறீற் வழுவழுப்பாய், ஈரக் கசிவுடன், அன்று கட்டியதுபோல் வெறுமையாய் இருந்தது. பசை டைலை விடவில்லை, வர்ணத்தையும் விடவில்லை. வர்ணந்தான் கொங்கிறீற்றை விட்டுவிட்டது. உரிந்து விழுகிறது என்பதற்காகத்தானே இத்தனையும் செய்தோம்? உரிந்து விழும் அதே பொருளின் மேல் கல்லை ஒட்டுவித்திருக்கிறோம்.

மாணவர்க்கு இவ்விடத்தில் ஒரு கணக்கு. உடைந்த துண்டுகளைச் சேர்த்து நிறுத்தோம்: 1 கிலோ 600 கிராம். டைலின் பரப்பு 30 சென்ரிமீற்றருக்கு 30 சென்ரிமீற்றர், அதாவது 900 சதுர சென்ரிமீற்றர். டைல் ஒட்டும் சீமெந்துப் பசைக்கென ஐரோப்பிய நாடுகள் வகுத்துள்ள ஈ.என். 12004 என்னும் நியமம், சாதாரண வகைப் பசையும் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு அரை நியூற்றன் இழுவையைத் தாங்கவேண்டும் என்கிறது. ஏறத்தாழ ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 5 கிலோ. அப்படியாயின் எமது டைல் ஒன்றின் முதுகிலுள்ள பசை 4,500 கிலோவைத் தாங்க வல்லது. ஒரு வளர்ந்த யானையைக் கட்டித் தொங்கவிடலாம்! அப்பசையால் ஒன்றரைக் கிலோவைத் தாங்க முடியவில்லை என்றால், குறை பசையில் இல்லை. பசைக்கும் கொங்கிறீற்றுக்கும் இடையில் உள்ளது. சங்கிலியில் மெலிந்த வளையம் எதுவோ அதுவே சங்கிலியின் வலிமை என்று வகுப்பிலே பலமுறை சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

மற்றுமொரு கணக்கும் போட்டோம். அதைப் போட்ட இரவு உறக்கம் வரவில்லை. அமர்ந்திருக்கும் ஒருவர் தலைக்கும் அவ்விதானத்துக்கும் இடையே சுமார் 1.2 மீற்றர். அந்தத் தூரத்தைக் கல் கடந்து வரும் நேரம் அரை விநாடி. நிமிர்ந்து பார்க்கவும் போதாத நேரம்.

தரையில் பதித்த கல்லின் பாரம் அதனைத் தரையோடு சேர்த்து அழுத்துகிறது. பாரமே அங்கே பற்றுக்கு நட்பு. சுவரில் ஒட்டியது சரியப் பார்க்கும். எனினும் கீழ்வரிசை மேல்வரிசைக்கு ஓரளவு தோள் கொடுக்கும். விதானத்திலோ பாரம் முழுவதும் ஒட்டைப் பிரிக்கும் திசையிலேயே இரவும் பகலும் இழுக்கிறது. ஓர் ஓரத்தில் மயிரிழை அளவு பிளவு விழுந்தால், கடித உறையைப் பிரிப்பதுபோல் அங்கிருந்து பிரிந்துகொண்டே போகும். இதனோடு இன்னொன்றும் சேர்கிறது. சூளையில் சுட்ட மண், வெளியே வந்த நாளிலிருந்து காற்றின் ஈரத்தை உண்டு மிக மிக மெல்லப் பருக்கிறது. கொங்கிறீற்றோ உலர உலரச் சுருங்குகிறது. ஒன்று விரிய, மற்றொன்று ஒடுங்க, நடுவிலே அகப்பட்ட பசை ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது. மேலே மாடியில் தேங்கும் மழைநீர் தட்டினூடே கசிந்து வந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஏற்கனவே ஒழுங்கு செய்திருந்தபடி, மாணவர் சிலரைக் கடலாதெனியக் கோயிலுக்கு அழைத்துச் சென்றோம். கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் பேராதனையைத் தாண்டிப் பிலிமத்தலாவையை அடைந்து, இடப்புறம் திரும்பினால் சிறிது தூரத்தில் ஒரு கற்பாறை. பாறையின் மேல் கோயில். கி.பி. 1344இல், நாலாம் புவனேகபாகு மன்னன் காலத்தில், தர்மகீர்த்தி என்னும் பெருந்தேரர் எடுப்பித்தது. கட்டிய தலைமைச் சிற்பி கணேசுவராசாரி என்பவர். தென்னாட்டு மரபில் வந்தவர். தூணும் போதிகையும் ஆடல்மகளிர் சிற்பமும் தஞ்சைப் பக்கத்துக் கோயிலொன்றில் நிற்கும் உணர்வையே தரும். உள்ளே வீற்றிருப்பவரோ புத்தபிரான். அதே ஆண்டில் அயலிலே எழுந்த இலங்காதிலக விகாரையின் பாறையில் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் உண்டு. அதை மாணவருக்குக் காட்ட வேண்டும் என்பதே எமது பயணத்தின் நோக்கமாயிருந்தது. ஆயினும் அன்று எமது கண் சாசனத்தில் செல்லவில்லை. கடலாதெனிய முன்மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபடியே இருந்தோம்.

தலைக்கு மேல் கல். எமது டைல்போல் விரற்கடைப் பருமன் அன்று; பல ஆள் சேர்ந்தாலும் அசைக்க இயலாக் கருங்கல். ஆறரை நூற்றாண்டுக்கு மேலாகக் கண்டியின் மழையில் நிற்கிறது. அது எதிலும் ஒட்டப்படவில்லை. பலகைக்கல் உத்திரத்தின் மேல் கிடக்கிறது. உத்திரம் போதிகையின் மேல். போதிகை தூணின் மேல். தூண் பாறையின் மேல். "இதை எது தாங்குது?" என்று அன்னையார் இங்கே வந்து கேட்டிருந்தால், ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டியிருக்கலாம். கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. ஆகவேதான் சிற்பிகள் தூண்களை நெருக்கி நட்டு, போதிகையை இருபுறமும் நீட்டி, உத்திரம் தாவும் இடைவெளியைக் குறைத்தனர். கோயில் மண்டபங்களில் தூண்கள் காடுபோல் நிற்பது அழகுக்காக மட்டுமன்று.

மாத்தளைக்கு வடக்கே, தம்புள்ளை வீதியை அடுத்துள்ள நாலந்தாக் கெடிகே இன்னும் பழைய கட்டடம். திராவிடப் பாணியில் முழுவதும் கல்லாலானது. போவதென்னை நீர்த்தேக்கம் எழுந்து அவ்விடத்தை நீர் சூழவிருந்தபோது, 1970களில் அதனைக் கல் கல்லாகப் பிரித்து, உயர்ந்த அணைமேட்டில் 1980 அளவில் மீண்டும் அடுக்கி நிறுத்தினர். ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து நிற்கும் கட்டடத்தை இவ்வாறு பிரித்து அடுக்கலாம்; ஒட்டியதைப் பிரித்தால் உடைந்த துண்டுகளே மிஞ்சும். எமது வீட்டு அனுபவமும் அதுவே.

திரும்பும் வழியில் பேருந்தில் ஒரு மாணவர் கேட்டார்: "அப்படியென்றால் தலைக்கு மேலே ஒட்டிய எதுவும் நிற்காதா, சேர்? தம்புள்ளையில் பாறையின் அடியில் எழுதிய ஓவியம் நிற்கிறதே?" நல்ல கேள்வி. பாறைமுகட்டின் உட்புறத்தில் மண்ணும் சுண்ணமும் சேர்ந்த மெல்லிய சாந்தைத் தடவி, அதன்மேல் தீட்டிய ஓவியங்கள் அவை. கண்டிக்கு அண்மையில் மகாவலிக்கு அப்பாலுள்ள தெகல்தொருவக் குகைக் கோயிலிலும், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், அதாவது 18ஆம் நூற்றாண்டில், முகடு நிறைய மார யுத்தத்தைத் தீட்டியிருக்கின்றனர். அவை ஒட்டியவைதாம்; இருந்தும் நிற்கின்றன. ஏனெனில் சாந்து மெல்லியது, பாரம் அற்பம். பாறை கரடுமுரடு, எனவே பற்றும் மிகுதி. தம்புள்ளைக் குகைகளின் நெற்றியில், பாறையை வெட்டி ஒரு நீண்ட விளிம்பு அமைத்திருப்பதையும் பார்த்தவர் அறிவர். மேலிருந்து பாறையில் வழிந்துவரும் மழைநீர் அவ்விளிம்பில் தடைப்பட்டு வெளியே சொட்டிவிடும்; உள்ளே ஊர்ந்து வராது. எமது மேசன் "மேல தண்ணி நிக்குதான்னு பாக்கணும்" என்றாரே, அந்தப் பேச்சுத்தான் இருபது நூற்றாண்டுக்கு முன்பே அங்கு கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது.

அந்நிய நாட்டிலும் இதே கதை நடந்திருக்கிறது. நியூயோர்க் நகரின் மத்திய பூங்காவில் பெதஸ்டா மேடை என்றொரு இடமுண்டு. அதன் கீழுள்ள மண்டபத்தின் விதானத்துக்கு, ஜேக்கப் ரே மோல்ட் என்பவர் 1860களில் வகுத்த கோலப்படி, இங்கிலாந்தின் மின்டன் சூளையில் செய்த வண்ண ஓடுகளைப் பதித்தனர். 49 சதுரங்கள், மொத்தம் 15,876 ஓடுகள். அவற்றைப் பசையால் ஒட்டவில்லை. ஒவ்வோர் ஓட்டின் முதுகிலும் பிடிப்பதற்கு இடம் அமைத்து, திருகாணி கொண்டு இரும்புத் தகட்டிலே பூட்டினர். பூட்டியதால் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நின்றன. ஆயினும் மேலிருந்து கசிந்த நீர் இரும்பைத் துரு ஏற்றி அரித்தது. 1980களில் அத்தனை ஓடுகளையும் கழற்றி வைக்க நேர்ந்தது. இருபது ஆண்டுக்கு மேல் அவை பெட்டியிலே கிடந்து, பின்னர் ஒவ்வொன்றாகத் துலக்கப்பெற்று, 2007இல் மீண்டும் மேலேறின.

அதே நகரின் எல்லிஸ் தீவில், கப்பலில் வந்திறங்கிய குடியேறிகளைப் பதிவு செய்த பெரிய மண்டபத்தின் விதானமும் ஓட்டினாலானதே. ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த குவஸ்தவினோ குடும்பத்தாரின் முறையில் 1918இல் அமைத்தது. இருபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஓடுகள். 1980களில் அம்மண்டபத்தைச் செப்பனிட்டபோது மாற்றவேண்டியிருந்தவை பதினேழே பதினேழு! இதன் மருமம் வளைவு. விதானம் கவிழ்த்த கிண்ணம்போல் வளைந்திருப்பதால், ஓடு ஒன்றையொன்று நெருக்கி, பாரத்தைப் பக்கச் சுவருக்குத் தள்ளிவிடுகிறது. அங்கே ஓடு தொங்கவில்லை, அமர்ந்திருக்கிறது. கடலாதெனியக் கல் எப்படியோ, எல்லிஸ் தீவு ஓடும் அப்படியே.

ஒரு சொல்லைப் பற்றி இடையிலே கூறாவிட்டால் தமிழாசிரியன் என்னும் பெயர் எமக்குப் பொருந்தாது. விதானம் என்ற சொல்லை இன்று கூரையின் உட்புறத்துக்கு வழங்குகிறோம். பழைய நூல்களில் அது பெரும்பாலும் மேலே விரித்த துணிப் பந்தரையே குறிக்கும். அதற்கு மற்றொரு பெயர் மேற்கட்டி. மேலே கட்டுவது, ஒட்டுவது அன்று. அறுந்து வீழ்ந்தாலும் மணமக்கள் மேல் ஒரு பட்டுத்துணி வீழும், அவ்வளவே. கேரளத்திலும் மங்களூர்ப் பக்கத்திலும், கூரையோட்டின் கீழ் அழகுக்கும் குளிர்ச்சிக்கும் ஒரு மெல்லிய ஓட்டை அமைத்தபோதுகூட, அதனைச் சிலாகையின் மேல் வைத்தனரேயன்றி அடியில் ஒட்டவில்லை.

திங்கட்கிழமை மாலை, நிறுத்தி வைத்த இரண்டு நாட்கூலியை எடுத்துக்கொண்டு அந்தானைக்குப் போனோம். மேசன் வாசலில் அமர்ந்து கரணை கழுவிக்கொண்டிருந்தார். டைல் துண்டை அவர் கையில் கொடுத்தோம். புரட்டிப் பார்த்தார், வெள்ளைத் தோலை நகத்தால் உரித்தார், எம்மைப் பார்த்தார். "நான் சொன்னேன்" என்று அவர் கூறவில்லை. கூறியிருந்தால் எமக்கு இலகுவாயிருந்திருக்கும். "அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே, சேர்?" என்றுதான் கேட்டார். பிறகு, "நானும் அன்னைக்குக் கரணையக் கீழ வச்சிட்டுப் போயிருக்கணும். பொங்கலுக்குக் காசு வேணும்னு பாத்தேன்" என்றார். பணத்தை எண்ணாமல் பையில் இட்டுக்கொண்டார்.

சரியாக ஒட்டுவது எவ்வாறு என்று அவரிடம் விரிவாகக் கேட்டறிந்தோம். வீடு புதுக்குவோர் இதனைக் கவனிக்க.

முதலில் மாடியின் நீர் வடிந்தோடவும், தட்டினூடே கசியாதிருக்கவும் வழி செய்யவேண்டும். அதற்குப் பின் ஒரு மழைக்காலம் பொறுத்து, அடிப்புறம் உலர்ந்திருக்கிறதா என்று பார்த்தபின்பே மேற்கொண்டு வேலை. வர்ணம், பட்டி, தளர்ந்த பூச்சு யாவற்றையும் கொங்கிறீற் தெரியும்வரை நீக்கி, உளியால் கொத்திப் பொறிவிட்டுத் தூசியைத் தூரிகையால் துடைக்கவேண்டும். "தூசிதான் சேர் சத்துரு. பசை தூசியத்தான் புடிக்கும், தூசி எதையும் புடிக்காது" என்றார் மேசன். பலகை மறைப்பு, அஸ்பெஸ்தோஸ் மறைப்பு ஆகியவற்றின் அடியில் கல் ஒட்டுவதை அவர் ஒப்புக்கொள்வதே இல்லையாம்.

அடுத்தது டைல். நுண்துளையுள்ள சுவர் டைலுக்குள் பசை ஊடுருவிப் பற்றும். முற்றாக இறுகச் சுட்ட போர்சலின் வகையோ அரை விழுக்காடு நீரைக்கூட உறிஞ்சாது. வெறும் சீமெந்துக் கூழுக்கு அதில் பிடியே கிடைக்காது. பொலிமர் கலந்த பசைதான் அதற்கு வேண்டும். பளிங்கும் கருங்கல்லும் பாரத்தில் வேறு இனம். எமது டைல் அளவில் இரண்டு சென்ரிமீற்றர் பருமனுள்ள கருங்கல் ஏறத்தாழ 5 கிலோ இருக்கும். அதனைப் பசையை மட்டும் நம்பி மேலேற்றுவது கொலைத் தொழில் என்பது அவர் கருத்து. உலோகக் கொக்கியும் திருகாணியும் இன்றி அவர் செய்யமாட்டார்.

பற்கரணையால் விதானத்தில் பசையை ஒரே திசையில் சீவி, டைலின் முதுகிலும் மெல்லத் தடவி, வைத்து அழுத்திச் சற்று அசைக்கவேண்டும். முதல் டைலை வைத்த உடனே மீண்டும் பெயர்த்துப் பார்க்கவேண்டும். முதுகு முழுவதும் பசை படிந்திருந்தால் சரி; நடுவில் வெற்றிடம் இருந்தால் பற்கரணையை மாற்றவேண்டும். நாற்புறமும் இழை விட்டு, சுவரோரத்தில் டைல் முட்டாதபடி இடைவெளி வைத்து, அதனை நெகிழும் பசையால் நிரப்பவேண்டும். பசை இறுகும்வரை கீழிருந்து பலகையும் முட்டுக்காலும் கொடுத்துத் தாங்கவேண்டும். ஒருநாளில் இரண்டு மூன்று வரிசைக்கு மேல் அவசரம் கூடாது. எமது வீட்டில் 42 டைல்கள் இரண்டு நாளில் ஏறியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

மறுநாள் மேசன் வந்து, கரணைக் காம்பால் ஒவ்வொரு டைலையும் தட்டினார். நன்றாகப் பற்றியது கணீரென்று குறுகிய ஒலி தரும். இடையே வெற்றிடம் உள்ளது பானையைத் தட்டியதுபோல் 'டொப்' என்னும். எஞ்சிய 41இல் கணீரென்றவை பன்னிரண்டு. அவற்றையாவது விட்டுவைக்கலாமா என்று இல்லாளின் சகோதரர் கொழும்பிலிருந்து தொலைபேசியில் கேட்டார். மேசன் விடையாக ஏணியில் ஏறி, கணீரென்ற ஒன்றின் ஓரத்தில் உளியை நுழைத்து இலேசாக நெம்பினார். அது முழுதாக அவர் கையில் வந்து இறங்கியது. அதன் முதுகிலும் அதே வெள்ளைத் தோல்.

மாலைக்குள் எல்லாம் இறங்கிவிட்டன. மேசன் மாடியை இரண்டு நாள் பார்த்து, நீர் தேங்கும் மூலையைச் சாய்வு செய்து, கசிவுக்கு மருந்து பூசினார். விதானத்தைக் கொங்கிறீற் தெரியச் சுரண்டி, வெறுமனே விட்டிருக்கிறோம். வரும் கார்த்திகை மழை கழியட்டும், உலர்ந்திருந்தால் வெள்ளை அடிக்கலாம் என்பது அவர் சொல். மீண்டும் டைல் ஒட்டும் பேச்சை எவரும் எடுக்கவில்லை.

உடையாமல் இறங்கிய முப்பத்திரண்டு டைல்களையும் அன்னையார் தோட்டத்துக் கிணற்றடியில் பதிப்பிக்கச் செய்தார். பூந்தோட்டிக்கு நீர் வார்க்கும் வேளையில் அவற்றின் மேல் நின்றுகொண்டு, "இப்ப நிலம் தாங்குது" என்கிறார்.